நரி எத்தனை கிலோ?

கார்மேகத்தின் கல்யாணம் ஒரு தோட்டாவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டாவை இன்னும் யாரும் வாங்கவில்லை. எதை வாங்குவது என்றே முடிவாகவில்லை. அவன் பாடு திண்டாட்டமானது இப்படித்தான்.

அது 2004. அமீரகத்தில், அஜ்மானுக்குச் சொந்தமான மனாமா பக்கத்தில் அர்பாபுக்கு, அதாவது அரபி முதலாளிக்கு, ஒரு பண்ணை இருந்தது. அதைச் சுற்றி காஃப் மரங்கள் அடர்ந்து, பாலைவனத்தில் தோப்பு என்று சொல்லும்படி நின்றன. காஃப் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் வன்னி மரம்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரனான கார்மேகம் நாலு வருஷமாக அங்கே ஒண்டி ஆளாகக் காவல் இருந்தான். மரத்துக்குத் தண்ணீர் விடுவதும் அர்பாபின் துருக்கிக் கோழிகளைப் பார்த்துக்கொள்வதும் அவன் டியூட்டி. மாசி மாதம் தொடங்கி நரி வந்தது. ஒரே மாதத்தில் பதினோரு கோழியைத் தூக்கிப்போனது.

நரி எப்படி உள்ளே வருகிறது என்பது கார்மேகத்துக்கு நன்றாகத் தெரியும். கூண்டின் அடிப்பக்கம் வலை துருப்பிடித்து, ஒரு முழத்துக்குக் கிழிந்து கிடந்தது. புது வலை வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தான். "மூன்று கொட்டேஷன் இணைக்கவும்" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. பாலைவனத்தில் ஒட்டகத்திடமா கொட்டேஷன் வாங்குவது? காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

சிவப்பு மைக்குச் சொந்தக்காரர் அம்மையப்பன். திருச்சிக்காரர், பர் துபாய் ஆபீசில் பர்சேஸ் மேனேஜர். சிமெண்டிலிருந்து கக்கூஸ் பேப்பர் வரைக்கும் அவர் ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தக் கம்பெனிக்குள் எதுவும் நுழைந்ததில்லை. பொட்டுவெடித் துப்பாக்கியைக்கூடக் கையால் தொடாத அந்த மனிதரைக் கூப்பிட்டு அர்பாப் சொன்னார்: "நரிக்கு எந்தத் தோட்டா நல்லது, பார். தோட்டாவைத் தேர்ந்தெடு, அதுக்கு ஏத்த துப்பாக்கி வாங்கலாம்." லைசென்ஸ், அனுமதியெல்லாம் தன் பொறுப்பு என்றும் சொன்னார். அதே நாளில் மேசைக்கு வந்த கார்மேகத்தின் லீவு படிவத்தில், "நரி கலாஸ் ஆனபிறகு", அதாவது அதன் கதை முடிந்த பிறகு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது.

கார்மேகத்துக்குக் கல்யாணம் வைகாசி ஏழு, வியாழக்கிழமை. ஏற்கெனவே தையில் வைத்து, லீவு கிடைக்காமல் தள்ளிப்போன கல்யாணம். பெண் கமுதி உமாராணி.

"சார், கல்யாணம்னு அர்பாப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று போனில் கெஞ்சினான்.

"கல்யாணம் உன் சொந்த விஷயம் கார்மேகம். நரி கம்பெனி விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. நேரா அர்பாப்கிட்ட போய் நிக்கிற வேலையும் வச்சுக்காதே, எல்லாம் ஆபீஸ் வழியாத்தான் போகணும்" என்றார் அம்மையப்பன்.

ஒரு வாரம் இன்டர்நெட்டில் விழுந்து புரண்டுவிட்டு, அட்டையும் பேனாவும் அளவு டேப்பும் சகிதமாக அவர் பண்ணைக்கு வந்து இறங்கினார்.

"நரி எத்தனை கிலோ இருக்கும்?"

"நிறுத்துப் பாத்ததில்ல சார்."

"தோராயமாச் சொல்லுய்யா."

"ரெண்டு கோழி கனம் இருக்கும்."

மூன்று கிலோ என்று எழுதிக்கொண்டார். நரி வழக்கமாக நிற்கும் மரத்தைக் காட்டச் சொல்லி, கொட்டகையிலிருந்து டேப் பிடித்து அளந்தார். நாற்பத்தெட்டு மீட்டர்.

"அப்ப பாயின்ட் டூ டூ சாதாத் தோட்டாவே போதும். ஐம்பது மீட்டருக்குள்ள கச்சிதமா வேலை செய்யும். சத்தமும் கம்மி."

கார்மேகத்துக்கு உயிர் வந்தது. "அதையே வாங்கிருங்க சார்."

"ஒண்ணை மட்டும் பாத்து வாங்குனா ஆடிட்டர் என்னைத் தின்னுடுவாரு. ஒப்பிட்டுப் பாக்கணும்."

அடுத்த வாரம் மறுபடி வந்தார். "நரி நாற்பத்தெட்டு மீட்டர்லதான் நிக்கும்னு என்னய்யா உத்தரவாதம்?"

"அதுகிட்ட கேட்டுச் சொல்லவா சார்?"

அம்மையப்பன் சிரிக்கவில்லை. தூரம் கூடினால் சாதாத் தோட்டா தொங்கிப்போய்விடும், அதனால் டூ டூ மேக்னம் என்றார். அது நூறு மீட்டர் தாங்குமாம். மூன்றாவது வாரம் பாயின்ட் செவன்டீன் வந்தது. சந்தைக்குப் புதுசு, நூல் பிடித்தாற்போல் போகும், ஆனால் குண்டு இத்தனூண்டு, காற்றடித்தால் ஒதுங்கிவிடும்.

"இங்க காத்து எப்படி?"

"வீசும் சார்."

"என்ன வேகம்?"

"கொடியில கெடக்குற லுங்கி பறக்கும் சார்."

அதையும் ஒரு கட்டத்தில் எழுதினார். நாலாவது வாரம் இன்னும் பெரிய தோட்டா ஒன்றை யோசித்து, அது நரியின் தோலைக் கந்தலாக்கிவிடும் என்றும், குறி தப்பினால் பக்கத்துப் பண்ணை ஒட்டகம் வரைக்கும் போகும் என்றும் தானே அடித்துப் போட்டார். ஐந்தாவது வாரம், லேசான குண்டு மரக்குச்சியில் பட்டாலே திசை மாறும் என்று எங்கோ படித்துவிட்டு, தோப்பில் எத்தனை மரம் என்று எண்ணச் சொன்னார். கார்மேகம் வெயிலில் நடந்து எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு. இத்தனைக்கும் அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தப்பாக ஒன்று வாங்கிவிடுவோமோ என்று பயந்தே பாதி வயதைத் தொலைத்தவர். அந்தப் பயம் அடுத்தவன் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை உமாராணி போனில் வந்தாள்.

"எங்க சித்தப்பா கேக்குறாரு, மாப்பிள்ளை வருவாரா, போட்டோ மட்டும் வருமான்னு."

"வந்துருவேன் புள்ள."

"என்னதான் வேலை அங்க?"

"ஒரு நரிக்குத் தோட்டா பாத்துக்கிட்டு இருக்காங்க."

"இந்தத் தடவையும் தள்ளுச்சுன்னா வேற எடம் பாக்குறேங்கிறாங்க. எனக்கு வேற எடம் வேணாம்" என்றாள். குரல் கம்மியிருந்தது. போனை வைத்த பிறகு கார்மேகத்துக்கு அம்மையப்பன் மேல், அர்பாப் மேல், நரி மேல் எல்லார் மேலும் ஆத்திரம் பொங்கியது.

எழுந்து நேராகத் தன் அறைக்குப் போனான். இரும்புக் கட்டிலின் கம்பி வலையைக் கழற்றினான். அதைக் கொண்டுபோய்க் கூண்டின் ஓட்டையில் வைத்துச் சுற்றிலும் கம்பி முறுக்கிக் கட்டினான். அன்றிலிருந்து தரையில் பாய் விரித்துப் படுத்தான். நரி வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பத்து நாளாக ஒரு கோழி குறையவில்லை. ஒரு பைசா செலவு இல்லை, கொட்டேஷன் இல்லை.

அர்பாப் பண்ணைக்கு வந்த அன்று ஓடிப்போய்ச் சொன்னான். "அர்பாப், நரி மாஃபி, இல்லவே இல்ல. பத்து நாளா வரல. கலாஸ்."

நேரம் பாருங்கள், அன்றைக்குத்தான் துப்பாக்கி வந்திருந்தது. பதினான்கு கட்டம் போட்ட ஒப்பீட்டுத் தாளின்படி டூ டூ மேக்னம் ஜெயித்து, வழுவழுவென்று பெட்டிக்குள் படுத்திருந்தது. அர்பாபின் முகம் சுருங்கிவிட்டது.

"நரி மாஃபி? அப்போ இது?" பெட்டியைக் காட்டினார். "நரி வரட்டும். சுட்ட பிறகு நீ ஊருக்குப் போ."

பின்னால் நின்ற அம்மையப்பன், வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே மிரட்டினார். நரி வந்ததால் லீவு இல்லை என்றார்கள். இப்போது வராததால் லீவு இல்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. தன் கையால் கட்டிய வலையைத் தானே ஒரு மூலையில் அவிழ்த்துவிட்டான். கோழிக் குடலை எடுத்துப்போய் நாற்பத்தெட்டாவது மீட்டர் மரத்தடியில் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகை நிழலில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அம்மையப்பன் மடியில் ஃபைல் இருந்தது. வெயில் தாழும் நேரத்துக்கு நரி வந்தது. ஒல்லி நரி, காது மட்டும் பெரிசு. அதன் பின்னால் மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டுகொண்டு வந்தன.

அர்பாப் துப்பாக்கியின் மேலிருந்த தொலைநோக்குக் கண்ணாடி வழியே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கார்மேகம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். வெடிச்சத்தம் கேட்கவில்லை. அர்பாப் துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு, மெல்லிய குரலில், "தாய்" என்றார். "மூன்று பிள்ளை. ஹராம், பாவம். நான் சுட மாட்டேன்." பிறகு கார்மேகத்தின் தோளைத் தட்டினார். "இனிமேல் தினமும் அதுக்குக் கறி போடு. நீதான் போடணும். உன்னைத்தான் அதுக்குப் பழக்கம்."

அவ்வளவுதான். கார்மேகத்துக்குள் ஏதோ அறுந்தது. ஆபீஸ் வழியாவது மண்ணாவது என்று அர்பாப் எதிரில் போய் நின்றான்.

"அர்பாப், எனக்குக் கல்யாணம்."

"எப்போது?"

"வர்ற வியாழக்கிழமை. போன தடவையே தள்ளிப்போச்சு. இந்தத் தடவை போகலேன்னா பொண்ணை வேற எடத்துல குடுத்துருவாங்க." அழக்கூடாது என்றுதான் நினைத்தான். அழுகை வந்துவிட்டது.

அர்பாப் அம்மையப்பன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"லீவு படிவத்துல காரணம் எழுதக் கட்டம் இல்ல அர்பாப்."

அர்பாப் அவர் மடியிலிருந்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே போனார். "நரியின் எடைக்குக் கட்டம் இருக்கிறது. காற்றுக்கு இருக்கிறது. மரத்துக்குக்கூட இருக்கிறது" என்றார்.

"யல்லா கார்மேகம், கிளம்பு. நாளைக்குப் பாஸ்போர்ட், டிக்கெட். ஐம்பது நாள் இருந்துவிட்டு வா." ஃபைலை அம்மையப்பன் கையில் திருப்பிக் கொடுத்தார். "அதுவரைக்கும் இவர் இங்கேயே தங்கிக் கறி போடுவார். நரியைப் பற்றி இவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

இரண்டாம் நாள் காலையில் அம்மையப்பன் பெட்டியோடு வந்தார். கார்மேகம் கூண்டுச் சாவியைக் கொடுத்தான். கறி எங்கே இருக்கிறது, எந்த மரத்தடியில் போட வேண்டும் என்று காட்டினான். அவிழ்த்த மூலையை மறுபடியும் இறுக்கிக் கட்டிவிட்டதையும் சொன்னான். டாக்சி வாசலில் ஹாரன் அடித்தது. அறைக்குள் எட்டிப் பார்த்த அம்மையப்பன் திகைத்துப் போனார். சுவரோரம் வெறும் இரும்புச் சட்டம் நின்றது, கீழே ஒரு பாய் கிடந்தது.

"கட்டில் வலை எங்கய்யா?"

"கோழிக்கூண்டுல இருக்கு சார். அன்னைக்கு நீங்க அனுப்பாத வலைக்குப் பதிலா கட்டியிருக்கேன்." கார்மேகம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். தன் பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான். சிவப்பு மை கொஞ்சம் வெளிறியிருந்தது.

"உங்களுக்குக் கட்டில் வேணும்னா இதையே அனுப்புங்க சார். கொட்டேஷன் மூணு மறந்துறாதீங்க."