நாற்பத்தேழு அடுப்புகள்

...அஞ்சு விஷயமாம், பெரிய கம்பெனி ஜெயிக்க அஞ்சே அஞ்சு விஷயம் போதுமாம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய திரையா, அதில் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு யாரோ ஒருத்தன், மலைக்கும் அடுப்பு ரிப்பேருக்கும் என்னடா சம்பந்தம் என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவள் பொருமிக்கொண்டிருந்தாள். மேடையில் தம்பி. கூடப் பிறந்தவன்தான், பள்ளிக்கூடத்தில் மேடை ஏறச் சொன்னால் வயிற்றைக் கலக்குகிறது என்று அழுதவன், இப்போது காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான், நின்று பேசினால் மூளை நின்றுவிடுமோ என்னவோ. முதலாவது கனவு, இரண்டாவது வேகம்... வேகத்துக்கு என்ன குறைச்சல், புகார் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு ரிங்கில் எடுக்காவிட்டால் 'வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று எழுதி மூடிவிடுகிற கம்பெனி வேறு எங்கே இருக்கும், நூறு புகார் மூடினால் மணி வேறு, உடனே எல்லாரும் எழுந்து கைதட்ட வேண்டும், வெட்கம் கெட்ட பிழைப்பு. அந்த விதியை எழுதியது யார்? சரி, அவள்தான், மூன்றே பேர் வேலை பார்த்த காலத்தில், ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது... அதெல்லாம் இப்போது எதற்கு.

மடியில் நான்காக மடித்த காகிதம். நாற்பத்தேழு வீடுகளின் புகார், எல்லா அடுப்பிலும் கசிவது ஒரே வால்வு, மலிவாகக் கிடைக்கிறது என்று தம்பி பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டது, நாற்பத்தேழுக்கும் 'திருப்தி'. நேற்று அதில் ஒரு புகாரின் போன் பதிவைக் கேட்டாள், "கேஸ் வாடை அடிக்குதும்மா, அடுப்பைப் பத்த வைக்கவே பயமா இருக்கு, யாரையாவது அனுப்புங்களேன்," வயதான குரல், அதற்கப்புறம் இரண்டு ரிங், கதை முடிந்தது. காலையில் தம்பியிடம் காகிதத்தை நீட்டினால், "அக்கா, இன்னைக்கு ஒருநாள் வாயைத் திறக்காத, முதலீட்டாளர் வர்றாரு, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்கிறான். நாளை வரை அந்த அம்மா பட்டினி கிடப்பாளா? இவளே கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை, மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள், எத்தனை ரிங் போனது... மூன்றா?

"அஞ்சாவது," தம்பி நெஞ்சில் கையை வைத்தான், "தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளுங்க. அவங்கதான் நம்ம சொத்து. யாருக்காவது எதாவது சொல்லணுமா?" என்ன தைரியம் இவனுக்கு. கணக்குப் பிரிவுக்காரர் தன் ஷூவையே உற்றுப் பார்க்கிறார், விளம்பரப் பெண் பேனா மூடியைக் கடிக்கிறாள், எல்லாருக்கும் வால்வு விஷயம் தெரியும், ஒருத்தருக்காவது முதுகெலும்பு இருக்கிறதா, வாயில் என்ன கொழுக்கட்டையா, தூ, இதுகளையும் மனுஷர்கள் என்று... அப்போது அடுத்த அறையில் மணி அடித்தது. இன்னொரு நூறு. யாரோ படபடவென்று தட்ட ஆரம்பித்தார்கள், அதற்கப்புறம்தான் மற்றவர்கள் எழுந்தார்கள், முதலில் தட்டிய அந்த ஜால்ரா யார் என்று வெறுப்போடு பார்க்கத் திரும்பினாள், எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். உள்ளங்கை எரிந்தது. மடியில் இருந்த காகிதம் நழுவி முன்வரிசை வரை போயிருந்தது.

முதலீட்டாளர் குனிந்து அதை எடுத்தார், பிரிக்கவில்லை. "உங்களுதாம்மா?"

மேடையிலிருந்து தம்பி கண்ணாலேயே வேண்டாம் என்றான். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், ஒரு சொல். முதலீட்டாளர் கையை நீட்டியபடியே நின்றார், காலையில் அந்த அம்மா போனை எடுப்பதற்காக அவள் காத்திருந்ததைவிட அதிக நேரம்.