வகுப்பு முடியட்டும்

அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த மலர்வளையத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். பெரிய வளையம். வெள்ளைப் பூக்களுக்குக் குறுக்கே ஊதா நாடாவில் ‘ஆசியக் கலை அருங்காட்சியகம், கல்விப் பிரிவு’ என்று பொன்னிற எழுத்து. நாடாவின் முனை தரையில் இழுபட்டு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

“அத எங்கம்மா தூக்கிட்டுப் போற?” என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை.

“வெளிய வைக்கிறேன். இங்க இடமில்ல.”

இடம் நிறையவே இருந்தது. அப்பா படுத்திருந்த பெட்டியின் தலைமாட்டில் வேறு ஒரே ஒரு வளையம்தான் சாய்ந்திருந்தது, அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் பழைய ஆட்கள் சேர்ந்து வாங்கியது. அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அவள் போவதைப் பார்த்தான்.

தகன நிலையத்தின் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, வாடிய பூக்களைப் போட ஒரு பெரிய தொட்டி இருந்தது. முழங்கையால் மூடியைத் தள்ளி வளையத்தை உள்ளே திணித்தாள். போகவில்லை. உள்ளே இருந்த கம்பிச் சட்டம் தொட்டியின் வாயில் மாட்டிக்கொண்டது. அமுக்கினாள். அதற்கும் அசையவில்லை. அவள் புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். பூக்கள் சிதறின. இன்னொரு உதை. கம்பி வளைந்து வளையம் பாதி உள்ளே போனது.

மூச்சு வாங்கியது. காலையிலிருந்து அவளுக்குப் பிடித்த மாதிரி நடந்த காரியம் இது ஒன்றுதான்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லையாமே? அத்தை ஒரு படி மேலே போனாள். “அப்படி என்னடி வேல? பெத்த அப்பன் மூச்சுக்குத் திணறிட்டுக் கிடக்கான், பொண்ணு பானைய பொம்மையக் காட்டிட்டு நிக்கிறா” என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். அப்போதும் அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பானையும் பொம்மையும்தான். பல வருடங்களாக அவள் அந்த அருங்காட்சியகத்தில் பகுதி நேரக் கல்வியாளர். வாரத்தில் சில நாள், பள்ளிப் பிள்ளைகள் வரும்போது கூடங்களுக்குள் கூட்டிப்போய், ஒரு சிலையின் முன்னாலோ ஓவியத்தின் முன்னாலோ தரையில் உட்கார வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. முதலில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படிக்கக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எதையாவது சொன்னால், எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்பாள். கூச்சல் தாங்காமல் காவலாளிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கு அந்தக் கூச்சல் பிடிக்கும்.

வீட்டில் அதை யாரும் வேலை என்று கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா, அண்ணன் வீட்டில் குழாய் ரிப்பேர்க்காரன் வருகிறானா, அண்ணிக்குக் கண் ஆபரேஷனா, போன் இவளுக்குத்தான் வரும். “நீதான் ஃப்ரீயா இருப்ப” என்பான் அண்ணன். ஃப்ரீயாக இல்லை, வகுப்பு இருக்கிறது என்றால், “அட, அது பார்ட் டைம்தான?” என்பான். வகுப்பை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறாள், எத்தனையோ தடவை.

அப்பா மட்டும் ஒரு முறை பார்க்க வந்தார். “என் பொண்ணு பழைய சாமான் கடையில வேல பாக்குறா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கை தூக்கினார். “சொல்லுங்க சார்” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இவ்ளோ பெரிய கல்லு சிலைய எந்த லிஃப்ட்ல டீச்சர் ஏத்துனீங்க?” என்று கேட்டார். அன்று வகுப்பு அதோடு சரி.

முந்தாநாள் காலையில் அவருக்கு மூச்சு மோசமாகி அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். அவள் அப்போது கூடத்துக்குள் இருந்தாள். கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போன் லாக்கரில் இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கல்விப் பிரிவின் தலைவி, எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், கதவருகே வந்து நின்றார். அவளைப் பார்த்தார். புன்னகை செய்தார். நன்றாகப் போகிறது என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகுதான் தன் அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, சொன்னார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலில் துவைத்த விரிப்பு விரித்திருந்தார்கள்.

அந்தப் புன்னகையை அவளால் விழுங்க முடியவில்லை. தெரிந்தே சிரித்த வாய்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மேடம்தான். கறுப்பு உடை. கையில் ஒரு பூங்கொத்து. தொட்டியிலிருந்து பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்த ஊதா நாடாவைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

“நாங்க அனுப்புனது…” என்றார்.

“ஆமா. அதான்.”

“உங்க கஷ்டம் புரியுது. எத்தன நாள் வேணாலும் லீவ் எடுத்துக்கங்க. பார்ட் டைம்ல இருக்கறவங்களுக்குத் துக்க லீவுன்னு தனியா கிடையாது. ஆனா இந்த மாசம் அட்டவணைல உங்க பேரப் போட வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு.”

மேடத்தின் முகம் சிவந்தது.

“கதவுகிட்ட வந்து நின்னப்போ உங்களுக்குத் தெரியும்தான மேடம்?” என்றாள் அவள். “எங்க அப்பா சாகக் கிடக்கறார்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எனக்குக் கட்டைவிரலக் காட்டுனீங்க.”

“அது… உங்களப் பாத்ததும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

“ஒரு வார்த்த. டீச்சர், வெளிய வாங்கன்னு ஒரு வார்த்த. பசங்கள நீங்க பாத்துட்டிருக்கலாம். ஓடியிருந்தா நான் நேரத்துக்கு அங்க போயிருப்பேன். உங்களுக்கு வகுப்பு பெரிசாப் போச்சு!”

அவள் குரல் உயர்ந்தது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் கம்பெனி ஆட்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கி, பிறகு அடக்க முடியாமல் சொன்னார்.

“என் மேல தப்பு இல்லன்னு சொல்லல. ஆனா போன் பண்ணது உங்க அண்ணன். ஆபீஸ் நம்பருக்குப் பண்ணாரு. நான் உடனே உங்களக் கூப்பிடறேன்னுதான் சொன்னேன். வேணாம், வகுப்பு முடியட்டும், முடிஞ்சப்பறம் சொல்லுங்கன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. கூடப் பிறந்தவரே அப்படிச் சொல்லும்போது நான் என்ன பண்ணட்டும்?”

அவள் மேடத்தைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

அண்ணன் கூடத்தில் இல்லை. பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு சின்ன அறை. அங்கே காபி இயந்திரத்தின் முன்னால், காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாதவன்போல் நின்றிருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

“நீயா சொன்ன?”

அவன் திரும்பினான். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“என் வேலைய வேலையா மதிச்சிருக்கியா நீ? ஒரு நாள்? குழாய் ரிப்பேர்னா விட்டுட்டு வரணும், உன் பொண்டாட்டிக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடணும்னா விட்டுட்டு வரணும். அப்பா சாகறப்ப மட்டும் வகுப்பு முடியட்டுமா?”

“மெதுவாப் பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். அத்தை என்னக் கிழிச்சப்போ பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்த சொன்னியா, நான்தான் வர விடலன்னு?”

அண்ணன் கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்தான்.

“டாக்டர் வந்து கேட்டாரு,” என்றான். “மெஷின் வைக்கணும், தொண்டைல குழாய் போடணும், என்ன சொல்றீங்கன்னு. அப்பாவுக்கு நினைவு இருந்துச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. வேணாம்னாரு. போன தடவ பட்டது போதும்னாரு.”

போன தடவை, சென்ற வருடம், குழாய் போடச் சொன்னவள் அவள். அண்ணன் தயங்கினான், அவள் டாக்டரிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள். அப்பா குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் பிழைத்தார். குரல் கரகரத்துப் போனது, ஆனால் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்து, கிண்டல் பேசிக்கொண்டு, ஒரு வருடம் இருந்தார். தான் செய்தது சரி என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போதும் அப்படித்தான் நினைத்தாள்.

“நீ வந்திருந்தா விட்டிருப்பியா?” என்றான் அண்ணன்.

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான்.”

“என்ன அதான்?” அவள் அவனை நெருங்கி நின்றாள். “சண்ட போட்டிருப்பேன். உன்கிட்ட, டாக்டர்கிட்ட, அவர்கிட்டயே போட்டிருப்பேன். அவரே வாயத் தொறந்து வேணாம்னா நான் தோத்திருப்பேன். தோத்துட்டு அங்கயே அவரு பக்கத்துல உக்காந்திருப்பேன்டா.”

சின்ன வயதில் ஒரு தடவை அடி வாங்கிய பிறகு அவள் அவனை ‘டா’ போட்டதில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை; நீ ஏன் அழுகிறாய், உனக்குத்தான் எல்லாம் கிடைத்ததே என்று இன்னும் ஆத்திரம்தான் மூண்டது.

“என்னக் கேட்டாரா?” என்றாள்.

அண்ணன் கதவைப் பார்த்தான்.

“உன்னத்தான் கேக்கறேன். என்னக் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

காபி இயந்திரம் தானாக ஒரு தடவை உறுமி அடங்கியது.

“வந்துட்டிருக்கான்னு சொன்னேன்.”

முந்தாநாள் வகுப்பில் அவள் பிள்ளைகளுக்கு ஒரு ஜாடியைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆளுயர மண் ஜாடி. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு டிராகன் ஓடுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் முழுதாகத் தெரியாது. தலை தெரிந்தால் வால் தெரியாது. “வால் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க” என்றாள். பிள்ளைகள் எழுந்து ஜாடியைச் சுற்றினார்கள், ஒருவர் பின்னால் ஒருவராக, இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு. அவளும் சேர்ந்துகொண்டு சுற்றினாள். தலைசுற்றி ஒரு குட்டிப்பெண் அவள் மேல் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். மேடம் கதவருகில் வந்து நின்றது அப்போதுதான்.

கடைசியில் அப்பா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், வாசலையா என்று அவள் கேட்கவில்லை. வாய்வரை வந்தது.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. அண்ணி எட்டிப் பார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கூப்பிடறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியை உருளைகள் மேல் வைத்துத் தள்ளினார்கள். பச்சைச் சட்டை போட்ட ஊழியர், “சொந்தக்காரங்க முகம் பாத்துக்கங்க” என்றார். அண்ணன் ஒரு பக்கம் நின்றான், அவள் மறுபக்கம். அப்பாவுக்கு யாரோ தலையை வகிடெடுத்து வாரிவிட்டிருந்தார்கள். அவர் ஒருநாளும் வகிடெடுத்ததில்லை. அவள் விரலால் அதைக் கலைத்து, நெற்றியிலிருந்து பின்னுக்குத் தள்ளி வாரினாள். அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. விரலாலேயே வாரி முடித்தாள். பிறகு பெட்டி உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது.

வெளியே வந்தபோது மேடம் போயிருந்தார். அத்தை அவள் தோளைத் தொட்டு, “மனசத் தேத்திக்கம்மா. உங்கப்பன் விதி அவ்வளவுதான்” என்றாள். அண்ணன் பின்னாலிருந்து முன்னால் வந்தான்.

“அத்தை,” என்றான். “அவளுக்கு நான்தான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல.”

அத்தை புரியாமல் விழித்தாள். அதைக் கேட்டும் அவள் நிற்கவில்லை, அண்ணனின் காரைப் பார்த்து நடந்துவிட்டாள். இப்போது சொல்லி என்ன, காலையில் சொல்லியிருக்க வேண்டும்.

முன் இருக்கையின் கதவை அண்ணி அவளுக்காகத் திறந்து வைத்திருந்தாள். அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணியும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் பக்கத்திலேயே வந்து உட்கார, முன்னால் அண்ணன் டிரைவர்போல் தனியாக இருந்தான். வண்டியைக் கிளப்பினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இருவருடைய கண்களும் சந்தித்தன. அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் கையை நீட்டிக் கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டு, கழுத்தை வளைத்துப் பார்த்தபடி வண்டியைப் பின்னால் எடுத்தான்.

“இடது பக்கம் தூண் இருக்கு” என்றாள் அவள்.

அவன் நிறுத்தினான். கொஞ்சம் முன்னால் போய், ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி பின்னால் எடுத்தான்.