பெஞ்சைப் பார்த்தவர்கள்

நல்லசிவமும் தவுபிக்கும் அய்யாதுரை கம்பெனியின் வாலிபால் அணிக்கு ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுவரை அந்த அணி எங்கே போனாலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும். இவர்கள் வந்த வருடமே சாத்தூரில் கோப்பை. அடுத்த வருடம் கோவில்பட்டியில், பிறகு ராஜபாளையத்தில்.

நல்லசிவம் பயிற்சியாளர். தவுபிக் செட்டர். எதிரணியின் பந்தை மற்றவர்கள் தடுத்து எழுப்பிவிட்டதும், அதை வலையோரமாக யாருக்கு உயர்த்திக் கொடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவன். அடிக்கிறவனின் பெயர்தான் மைக்கில் வரும். கொடுத்தவனை அடித்தவன் மட்டும் திரும்பிப் பார்ப்பான்.

இரண்டு பேரில் ஒருவர் ஒரு வருடம் முந்தி வந்திருந்தால், எது யாரால் என்று ஊரே சொல்லியிருக்கும். சேர்ந்து வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் பேச்சு வரும்போது பாதிப்பேர் மாஸ்டர் என்பார்கள், பாதிப்பேர் அந்த விருதுநகர்ப் பையன் என்பார்கள். முதல் இரண்டு வருடங்கள் நல்லசிவம் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்த வாரம் அய்யாதுரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அய்யாதுரைக்குச் சிவகாசியில் அச்சகமும் நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையும் இருந்தன. ஆட்டக்காரர்கள் எல்லாரும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவர்கள்.

"கம்பெனில வெளையாட்டுக்குன்னு நெரந்தரமா ஒரே எடந்தான் போட முடியும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு, மாஸ்டர்" என்றார் அய்யாதுரை. "பங்குனிப் பொங்கல் போட்டி முடியட்டும். நாம யாரால செயிக்கோம்னு ஒக்காந்து பாக்கேன். அப்பறம் சொல்றேன்."

நல்லசிவத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, தற்காலிகமாகவே வெளியே வந்தவர். இதுவும் போனால் வேறெதற்கும் யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அச்சகத்தின் பின்புறத் திடலுக்குப் போனபோதுதான் முதன்முதலாகத் தவுபிக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். அதுவரை அவர் நின்றதெல்லாம் பக்கவாட்டில்.

அவர் இடது ஓரத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். தவுபிக் தலையாட்டினான். முதுகுக்குப் பின்னால் அவன் கை இரண்டு விரல்களைக் காட்டியது. இரண்டு விரல் என்றால் நடுவில். பந்து நடுவில்தான் போனது. புள்ளியும் விழுந்தது.

எல்லாச் செட்டரும் விரல் காட்டுகிறவர்கள்தான். எதிரணி தெரிந்துகொள்ளாமலிருக்க, பின்னால் இருக்கும் தன் ஆட்களுக்கு ஜாடை. அந்த ஜாடைகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நல்லசிவம்தான். ஆனால் இத்தனை நாளும் தன் குரல் அந்த விரல்களைத் தாண்டி யாரையாவது சென்று சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வி அன்றைக்குப் புகுந்துகொண்டது. இரவு சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரை மனைவி பாலம்மாள் இரண்டு முறை பார்த்தாள். அவர்கள் வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு.

அதற்குப் பிறகு எல்லாமே வேறாகத் தெரிந்தன. அவர் திடலுக்குள் நுழைந்ததும் பையன்களின் சிரிப்பு அடங்கியது. முன்பும் அடங்கியிருக்கும், அப்போது அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார். தவுபிக் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் பகுதியில் இருந்தான். அந்தப் பக்கம் அய்யாதுரை அடிக்கடி போவதாகத் தோன்றியது. ஒருநாள் தவுபிக் முதலாளிக்கு ஏதோ சொல்ல, அவர் அவன் தோளைத் தட்டினார். என்ன சொல்லியிருப்பான் என்று நல்லசிவம் நாள் முழுதும் யோசித்தார். மனதுக்குள்ளேயே அவனுக்காகப் பல வசனங்கள் எழுதிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தன் பெயர் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி இல்லாத நாள். பஸ்ஸின் பின்சீட்டில் இருந்தபோது, தவுபிக்கும் அணியில் அடிக்கிறவனான ஊர்க்காவலனும் மாற்றுச் செட்டர் காமராஜும் விஸ்வநத்தத்தில் இறங்குவதைக் கண்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். ஊருக்கு வெளியே பொட்டலில் கயிறு கட்டி அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நின்றிருந்த ஒரு லாரியின் மறைவில் அவர் நின்றுகொண்டார்.

தவுபிக் காமராஜுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பந்தப் பாக்காதலே. அது எங்கன போகும், ஒன் கைக்குத்தான் வரும். அடிக்கிறவன் காலப் பாரு."

அது நல்லசிவத்தின் வாக்கியம். சொல் மாறாமல், 'கைக்குத்தான்' என்ற இடத்தில் அவர் கொடுக்கும் அழுத்தம்கூட மாறாமல் வந்தது. ஊர்க்காவலன், "அப்படியே மாஸ்டரு மாதிரியே பேசுதான் பாரு, வழுக்கை ஒண்ணுதான் கொறச்சல்" என்றான். மூவரும் சிரித்தார்கள். தவுபிக்கும் சிரித்தான். பிறகு, "அவரு சொன்னதுல எதுலே தப்பு? எடுத்து ஆடு" என்றான்.

லாரிக்குப் பின்னால் வெயிலில் வெகுநேரம் நின்றார். தொழிலைக் களவெடுக்கிறான் என்று ஒரு குரல் சொன்னது. தான் சொன்னது இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறதே என்று இன்னொன்று சொன்னது. இரண்டாவது குரல் மெலிவாக இருந்தது. பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஆட்டக்காரன் ஒருவன் இருக்கும்போது, ஆடத் தெரியாத பயிற்சியாளன் எதற்கு? அய்யாதுரை கேட்கப்போகும் கேள்வி அதுதான். ஒரே இடம். அதற்கு இவன் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான். பஸ் ஏறும்போது அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

அம்மன் கோவில் திருவிழாவான பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் முழுக்க ஆட்கள். போட்டி அங்கேதான். அரை இறுதியில் நல்லசிவம் ஒரு காரியம் செய்தார். எதிரணியில் ஆறேகாலடி உயரத்தில் ஒருவன் வலையின் ஒரு பக்கம் மதில் மாதிரி நின்றான். எல்லாப் பந்தையும் அந்தப் பக்கமே, ஊர்க்காவலனுக்கே கொடுக்கச் சொன்னார். தவறான யோசனை என்று தெரிந்தேதான் சொன்னார்.

தவுபிக் அவரைப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போய் அவர் சொன்னபடியே கொடுத்தான். ஊர்க்காவலன் அடித்தது இரண்டு முறையும் அந்த நெட்டையன் கையில் பட்டு இவர்கள் பக்கமே விழுந்தது. மூன்றாவது பந்து வேறு பக்கம் போனது. அதற்கப்புறம் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. அணி ஜெயித்தது. அய்யாதுரை மைதானத்துக்குள் வந்து நல்லசிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்காகக் குலுக்குகிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

கூட்டம் கலைந்தபின் தவுபிக் அவரிடம் வந்தான்.

"மாஸ்டர், அது வேணும்னே சொன்னதா?"

நல்லசிவம் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது.

"என்னையச் சோதிச்சுப் பாத்தீகளோ?"

அவர் நகத்தை முடிச்சுக்குள் விட்டு நெம்பினார். அவன் அங்கேயே நின்றான். பொருட்காட்சியின் ராட்டினச் சத்தம் அங்கே வரை கேட்டது. முடிச்சு அவிழ்வதற்குள் அவன் நடந்துவிட்டிருந்தான்.

மறுநாள் மாலை இறுதி ஆட்டம். எதிரணி விருதுநகர் எண்ணெய் மில் ஒன்றின் அணி. நல்லசிவம் செட்டராகக் காமராஜின் பெயரைக் கொடுத்தார். தவுபிக் பெஞ்சில். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசை நாற்காலியிலிருந்து அய்யாதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்லசிவம் திரும்பவில்லை. இந்த ஒரு ஆட்டம் போதும். அவன் இல்லாமல் ஜெயித்துவிட்டால், எது யாரால் என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் செட் ஜெயித்தார்கள். இரண்டாவது போனது. மூன்றாவது மறுபடி இவர்களுக்கு. காமராஜ் சுமாராகத்தான் ஆடினான், ஆனால் ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் பெஞ்சைப் பார்த்தான். ஊர்க்காவலனும் பார்த்தான். நல்லசிவம் குரல் கொடுத்ததையெல்லாம் செய்தார்கள். ஆள் மாறி நிற்கச் சொன்னால் நின்றார்கள். இத்தனை வருடத்தில் இப்படி அவர் சொல்லுக்கு ஆடியதே இல்லை என்று தோன்றிய நேரத்தில், அவருக்கு ஒன்று உறைத்தது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில்தான் தவுபிக் இருக்கிறான். அவர்கள் பார்ப்பது யாரை?

அந்தத் தூரத்திலிருந்து வரும் பார்வை இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் தொடும். அவர் வாய் சொல்ல, அதே நேரத்தில் பக்கத்தில் இரண்டு விரல் அசைந்தால்? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சாண் கழுத்தைத் திருப்பினால் போதும். நான்காவது செட் முழுவதும் அவர் திருப்பவில்லை. விரல் அசைவதைக் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தச் செட் கைவிட்டுப் போனது.

ஐந்தாவது பதினைந்து புள்ளிக்கான சின்னச் செட். பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று இவர்கள் முன்னால் நின்றபோது அவர் திரும்பினார்.

தவுபிக் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான். கண் ஆட்டத்தில் இருந்தது.

"எப்ப இருந்துலே இப்படி இருக்க?"

"மொதல் செட்டுல இருந்து."

"எதுக்கு?"

"நீங்க பாப்பீகன்னு தெரியும், மாஸ்டர்."

அவன் குரலில் கோபமில்லை. அதுதான் அவரைத் தாக்கியது. அதற்குள் எதிரணிக்கு ஒரு புள்ளி விழுந்தது. கூட்டம் தவுபிக்கின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. நல்லசிவம் எழுந்து ஆள் மாற்றக் கேட்டு, அவனை உள்ளே போகச் சொன்னார்.

அவன் கைகளை வெளியே எடுத்தான். பெஞ்சு மரச்சட்டங்கள் அடித்தது; சட்டத்தின் பள்ளம் புறங்கையில் வரிவரியாகப் பதிந்திருந்தது. விரல்களை மடக்கி நீட்டினான்.

"கை மரத்துருக்கு. ஒரு ரெண்டு பந்து போகட்டும் மாஸ்டர், போறேன்."

ஒரு கணம் அவருக்கு இரக்கமாக இருந்தது. மறுகணம் அந்தப் பழைய குரல் வந்துவிட்டது. கெஞ்ச வைக்கிறான். முதலாளி பார்க்க, ஊர் பார்க்க, என்னைக் கெஞ்ச வைக்கிறான்.

"நடிக்காதலே. போ."

தவுபிக் போனான். அடுத்த பந்து அவன் கைக்கு மெதுவாக, வாகாக வந்தது. தூக்கத்தில்கூட அவன் கொடுத்துவிடக்கூடிய பந்து. இடது கையில் முதலிலும் வலது கையில் பிறகுமாகப் பட்டு வழுகியது. நடுவர் விசில் ஊதி இரண்டு விரலை உயர்த்தினார், இரட்டைத் தொடுகை. அதற்கடுத்த பந்து எதிரணியின் நல்ல அடி. இவர்களால் எடுக்க முடியவில்லை. கடைசிப் பந்தைத் தவுபிக் கொடுத்தபோது அது வலைக்கு மேலே எழவே இல்லை. எட்டிக் குதித்த ஊர்க்காவலன் வலையில் அடித்தான்.

முடிந்த உடனேயே கூட்டத்தில் பேச்சு மாறியது. சொந்த ஊர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்றார்கள். கூட்டத்தை விலக்கி வெளியே வருவதற்குள், விலை போய்விட்டான் என்று அது வளர்ந்திருந்தது. தவுபிக் ஒரு கையால் மறு கையைத் தேய்த்தபடி நடந்தான்.

மறுநாள் காலையில் அய்யாதுரை நல்லசிவத்தை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தகரம் அடிக்கும் மேசையருகே தவுபிக் குனிந்திருந்தான்.

"ஒங்களுக்கு முன்னாடியே அவன் மேல சந்தேகம் இருந்துருக்கு. அதான் வெளிய ஒக்கார வச்சிருக்கீக. நாந்தான் புரிஞ்சுக்கிடல" என்றார் அய்யாதுரை. "இனி அந்த எடம் ஒங்களுக்குத்தான். ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க. பய காசு வாங்கிட்டானா?"

நல்லசிவம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும்போலப் பேசாமலிருந்தாலே போதும். அய்யாதுரை அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வார். அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறியது.

"அவன் கை மரத்துப்போயிருந்துச்சு, மொதலாளி. கையத் தொடைக்கடியில குடுத்து ஒக்காந்திருந்தான். செத்த நேரம் பொறுங்கன்னு சொன்னான். நாந்தான் தள்ளிவிட்டேன்."

"கைய எதுக்கு அடியில குடுக்கான்?"

"எனக்காக."

அய்யாதுரை நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய கண்கள் சுருங்கின. அந்தப் பார்வையை நல்லசிவத்துக்கு நன்றாகவே தெரியும். இரண்டு மாதமாகத் தன் முகத்திலேயே இருந்தது அது.

"நல்ல செட்டர வெளிய ஒக்கார வைக்கது. கடைசில மூணு புள்ளிக்கு உள்ள அனுப்புதது. இப்ப அவனுக்காக வந்து பேசுதது." ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணீகளா, மாஸ்டர்?"

நல்லசிவம் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் பாருங்க, மொதலாளி. மரத்துப்போகும். நீங்களே தொட்டுப் பாருங்க."

அய்யாதுரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியை அழுத்தி மேனேஜரை அழைத்து, இரண்டு பேருக்கும் கணக்கு முடித்துவிடும்படி சொன்னார். நல்லசிவத்தை எழுந்திருக்கச் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. விருந்தாளிகளுக்கான அந்த நாற்காலியில் மெத்தை தைத்திருந்தது. கைகள் இதமாக, வெதுவெதுப்பாக இருந்தன.