ஓரம் தேய்ந்த செருப்புகள்

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க வாயு இயந்திரத்தைக் கவனிப்பது பத்தொன்பது வருடமாக என் வேலை. போன திங்கட்கிழமை ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த வாயுவுக்கும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம்.

"இன்னும் எதுவும் உறுதியாகல. வலி இருந்தா இருக்குன்னு எழுதுங்க, பயப்படாதீங்க" என்றார் அவர்களோடு வந்த டாக்டர்.

பயப்படாதே என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம் வந்துவிடும். வலிக்கிறது என்று எழுதினால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்களோ, யார் கண்டது? இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறுகிற நான், எல்லோருக்கும் முன்னால் முதல் ஆளாக 'வலி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்று தியேட்டர் வாசலில் செருப்பு மாற்றும்போது என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகால் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. நொண்டி நடந்தால் வேறென்ன ஆகும்? சும்மா இருக்காமல் அலமாரியில் இருந்த மற்ற ஜோடிகளையும் புரட்டினேன். ஆறு ஜோடி அதேபோல ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன.

கடைசி ஜோடி என் தங்கையுடையது. என் சிபாரிசில்தான் அவள் இங்கே நர்ஸாகச் சேர்ந்தாள். மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதுவும் தேய்ந்திருந்தது.

"என் செருப்ப வச்சுக்கிட்டு என்னக்கா பண்ற?" பின்னால் வந்து நின்றாள்.

"உனக்கு இடுப்பு வலிக்குதாடி?"

"உக்காந்தா எந்திரிக்க முடியல."

"ஃபார்ம்ல என்ன எழுதின?"

"வலி இல்லன்னுதான். நீ எழுதினதப் பாத்துத்தானேக்கா நாங்க எல்லாரும் எழுதினோம்."