டாக்டரு வந்த வருஷம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே கையில் மாப்பைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பட ஆலையில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. இரும்பில் புடைத்திருக்கும் எண்ணைப் படித்து அது என்றைக்கு வார்த்தது என்று சொல்லிவிடுவேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். இரண்டிலும் பழுதானதைக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டும். இரும்பில் அது எனக்குக் கைவந்திருக்கிறது.

கிரேஸ் எங்கள் ஆலையில் தரை துடைப்பவர். தினமும் காலையில் அவர் என்னிடம் பேசுவது ஒரே வாக்கியம்: "ஈரமா கீது, சுத்திப் போ சார்." அன்றைக்கு வேறு கேட்டார்.

"தணிகைவேல் சார், நீ இரும்ப பாத்து வயசு சொல்லுவியாமே. எனக்கு ஒரு வயசு சொல்லேன்."

2

தொடக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.

முதலாவது: பொதட்டூர்பேட்டை சாலையில் அன்று வெயில் ஒரு... (வெயிலில் ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாவது: கிரேஸின் கண்களில் ஐம்பத்தெட்டு வருடச் சோகம்... (சோகமெல்லாம் இல்லை. கடுப்புதான் இருந்தது.)

மூன்றாவது, விஷயத்தைச் சொல்லிவிடுவது. கிரேஸின் ஆதாரில் பிறந்த தேதி 1.1.1967. ஐம்பத்தெட்டு முடிந்தவர்களை எங்கள் ஆலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு வயதுச் சான்று இருந்தால் ஜனவரி கடைசிக்குள் கொண்டுவாருங்கள் என்று அலுவலகத்தில் ரம்யா சொல்லியிருந்தார். மகள் ஏஞ்சலின் நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் படித்து முடிக்கும்வரை இந்த வேலை வேண்டும்.

"அறுவத்தேழு தப்பு சார்" என்றார் கிரேஸ். "'டாக்டரு வந்த அன்னிக்கிப் பொறந்தவடி நீ'ன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். ஆதார் எடுக்க வந்த ஆளுகிட்டயும் அதையே சொல்லிச்சு. அவன் வரிசைல நின்னவங்கள கேட்டான், ஊருக்கு டாக்டரு எப்ப வந்தாருன்னு. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரு வந்தது அறுவத்தேழு. அதையே போட்டுட்டான்."

"சரியாத்தானே போட்டிருக்கான்?"

"எங்கம்மா சொன்னது ஊசி போட்ற டாக்டரு இல்ல சார். சேடை ஓட்ற டாக்டரு."*

(* வெளியூர் வாசகருக்கு: சேடை ஓட்டுவது, நடவுக்கு வயலைச் சேறாக உழுவது; எங்கள் பக்கத்துப் பேச்சில் டிராக்டர் 'டாக்டரு' ஆகிவிடும். "டாக்டருக்கு டீசல் ஊத்தியாச்சா?" என்று கேட்டால் ஒருவரும் திடுக்கிடமாட்டார்கள். ஆதார்காரர் வெளியூர்.)

கிரேஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கோயிலில் இருக்கவேண்டும். அறுபத்தேழாம் வருஷப் புத்தகத்தைப் பார்த்தார்கள், இல்லை. பழைய புத்தகமெல்லாம் இப்போது வேறு ஊரில் பூட்டிவைத்திருக்கிறது. அங்கே குமாஸ்தா ஜெரால்ட், "வருஷத்த எழுதிக் குடுங்க, எடுத்துத் தரேன். சும்மா எல்லாத்தையும் பொரட்ட முடியாது" என்று சொல்லிவிட்டார்.

ஆக, கிரேஸின் வயது தெரிய, அந்த டிராக்டரின் வயது தெரியவேண்டும்.

3

டிராக்டர் இன்னும் இருக்கிறது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் துளசிராமனின் களத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே. ஓடி இருபது வருஷம் ஆகிறதாம். ஆனால் முந்தின வாரம் மாட்டுப் பொங்கலுக்கு வைத்த சந்தனப் பொட்டு நெற்றியில் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. (காயாமல் எப்படி இருக்கும்? காய்ந்துதான் இருந்தது. அடித்துவிடுகிறேன்.)

இந்தத் துளசிராமனை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். மீசை, மிரட்டல், நாய். கிரேஸின் அம்மா அவர் வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர் என்பதால், அது சுலபமாக வந்தது. நேரில் போனால், ஐம்பது வயது மனுஷர், லுங்கியோடு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் எடுத்துவந்து கொடுத்தார். நாய் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது.

"வா கிரேசக்கா. இன்னாத்துக்கு சார் நம்பரு? நான் சொல்றனே. அறுவத்தொண்ணு. ஜில்லாவுக்கே மொத டாக்டரு இதான். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துது. எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று என்றால் கிரேஸுக்கு இப்போதே அறுபத்து மூன்று. போன வருஷமே... இல்லை, ஐந்து வருஷம் முன்பே வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவர்.

கிரேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாரு சார், பாரு. இரும்பு இன்னா சொல்லுதோ அத சொல்லு."

4

பெயர்த் தகடு இல்லை. மேலே நீலம் அடித்திருந்தார்கள், சுரண்டினால் பச்சை, பச்சைக்குக் கீழே ஆரஞ்சு. நிறத்தை நம்பி ஒரு வண்டியின் கம்பெனியைச் சொல்லக்கூடாது. எஞ்சினை நம்பி வருஷத்தைச் சொல்லக்கூடாது, எஞ்சின் மாறியிருக்கும். கிரேஸ் போனில் அனுப்பிய படத்தில் வார்ப்பு எண்ணின் முன்னெழுத்துகள் தெரிந்தன. அதை வைத்துக் கம்பெனியைப் பிடித்து, அதன் உதிரிபாகப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். (கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். இந்தக் கதைக்காக நான் உண்டாக்கியது.)

கியர் பெட்டியின் வயிற்றில் அரை மணி நேரம் பிரஷ் போட்டேன். துளசிராமன் டார்ச் பிடித்தார். கருப்பு மசகுக்குக் கீழே எழுத்து எழுந்தது.

14 சி 1.

நாள், மாதம், வருஷம். 'சி' ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து, மார்ச். வருஷத்துக்கு இந்தக் கம்பெனி கடைசி எண்ணை மட்டும்தான் போடும். ஒன்று.

"பாத்தியா! அறுவத்தொண்ணு!" என்றார் துளசிராமன்.

"எழுபத்தொண்ணும் அதானே?" என்றார் கிரேஸ்.

ஒற்றை எண்ணை இருவரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவருக்கு அப்பாவின் பேச்சு நிலைக்கவேண்டும். இவருக்கு வேலை நிலைக்கவேண்டும். ஒரு கதைக்காரனாக நான் இங்கேயே நிறுத்தியிருப்பேன், பட்டும் படாமல், அழகாக. ஆனால் என்னைக் கூட்டிவந்தது கதைக்காரன் என்பதற்காக இல்லை.

பையிலிருந்து மரைப் பல்லை அளக்கும் கேஜை, பல் வெட்டிய தகடுகளின் கொத்தை, எடுத்தேன். அறுபதுகளின் நடுவில்தான் இந்தக் கம்பெனி அங்குலத்தை விட்டு மில்லிமீட்டருக்கு மாறியது. போல்ட்டை யாரும் மாற்றலாம், வார்ப்பில் வெட்டிய துளையை மாற்ற ஒருவரும் மெனக்கெடமாட்டார்கள். அங்குலத் தகடு ஒவ்வொன்றாக வைத்தேன். எதுவும் உட்காரவில்லை. மில்லிமீட்டர் தகடு அலுங்காமல் உட்கார்ந்தது. அடுத்த துளையிலும். அதற்கடுத்த துளையிலும். எண்பத்தொன்று என்றால் துளசிராமன் பிறந்த பிறகு; அது ஆகாது.

"எழுபத்தொண்ணு மார்ச் பதினாலு" என்றேன். "ஊருக்கு அதுக்கப்புறம் எப்ப வேணா வந்திருக்கலாம். முன்னாடி வந்திருக்க முடியாது."

"அப்ப எனக்கு இன்னும் அம்பத்திநாலு கூட ஆவலியா?"

"ஆகல."

கிரேஸ் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கி சேரி மொத்தமும் வண்டிய பாக்க ஓடிடுச்சாம் சார். மருத்துவச்சி கூட. எங்கம்மா ஒண்டியா கெடந்து பெத்துச்சு. இது மேல எனக்கு ரொம்ப நாளு கோவம்." டயரை இரண்டு தட்டு தட்டினார். எனக்கு அப்போது கண் கலங்கியது. இதைக் கதையில் மறைப்பார்கள், நான் மறைக்கவில்லை.

துளசிராமன் டார்ச்சை அணைக்கவேயில்லை. எண்ணின் மேல் இன்னொரு தரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"எங்கப்பன் பத்து வருசம் ஏத்தி சொல்லிக்கினு இருந்துகிறான்." அவருக்கே சிரிப்பு வந்தது. "சரி சார். அந்தப் பத்த அக்காவுக்கே குட்த்துடு."

(இந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

5

ஜனவரி கடைசி வாரம். ஜெரால்ட் எழுபத்தொன்றாம் வருஷப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் பின்னாலேயே நுழைந்தேன். கிரேஸ் வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"நீ வராத சார். பேரு இல்லன்னா கூட இருக்குதுன்னு எழுதிடுவ."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

அ) ஏப்ரல் மாதப் பக்கத்தில், மங்கிய மசியில், கிரேஸ் மேரி என்று... (மங்கிய மசி வேண்டாம். பளிச்சென்றே இருக்கட்டும்.)

ஆ) புத்தகத்தில் இல்லை. ஜெரால்ட் எழுபத்திரண்டை எடுக்க எழுந்து...

இ) பெயர் இருக்கிறது. பிறந்த தேதிக்கு நேராகப் பாதிரியார் எழுதியிருக்கிறார்: டாக்டர் வந்த...

மூன்றையும் அடித்தேன். கிரேஸ் வெளியே வந்தபோது முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய புத்தகத்துத் தூசி. எந்தப் பக்கத்தில் ஒட்டியது என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. எழுதினால், நானே உண்டாக்கினேன் என்று நினைப்பீர்கள்.

பிப்ரவரி முதல் தேதி, காலை ஷிப்டு. ஆலைக் கதவைத் தள்ளினேன். வாசலிலிருந்து என் மேசை வரைக்கும் தரை ஈரமாக இருந்தது. துடைத்தது யார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

நான் சுற்றிப் போகிறேன்.