இரவல் உடம்பு

பால் பாக்கெட் வாங்கக் கிளம்பிய மொய்னுதீன், நெல்லித்தோப்பு முனையில் தன்னையே பார்த்து நின்றுவிட்டார். டீக்கடைக்கு மேலே மாடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அவருடைய நரைத்த தாடி முகம். முகத்துக்குக் கீழே இருபத்தைந்து வயது உடம்பு. அகன்ற மார்பு, கழுத்தில் மாலை, கையில் வெள்ளிக் கப்பு. 'சோழவரம் கார் ரேஸ் சாம்பியன் மொய்னுதீன் பாய் இல்லத் திருமணம்' என்று பெரிய பெரிய எழுத்துகள். மாலைக்கு நடுவே, சட்டைப் பொத்தான் திறந்திருந்த இடத்தில், சின்னதாக ஒரு சிலுவை தொங்கியது.

"இன்னா பாய், எப்ப வேதத்துல சேந்தீங்க? சொல்லவே இல்ல" என்றான் டீக்கடை செம்மல். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது அந்தோணியின் உடம்பு. அந்தக் காலத்தில் இருவருக்கும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை. முதலாளியின் இரண்டு வண்டிகளை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவார்கள். அந்தோணி ஒன்று ஜெயிப்பான், இல்லையென்றால் வண்டியை உடைப்பான். மொய்னுதீன் உடைத்ததே இல்லை. ஐந்தாவது வருவார், ஆறாவது வருவார், அநேகமாக ஏழாவது. வளைவு வந்தால், மற்றவன் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அவர் கால் மிதித்துவிடும். காலுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அந்தோணி கப்பு வாங்கியபோது எடுத்த படத்தில்கூட அவர் ஓரத்தில்தான் நின்றார். அந்தப் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மகன் அதைத்தான் பேனர் கடைக்காரனிடம் கொடுத்து, தலையை மாற்றச் சொல்லியிருக்கிறான்.

பாலை மறந்து வீட்டுக்குத் திரும்பினார். மகன் ஆசிப் பந்தல்காரனோடு போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"அத எறக்குடா."

"இன்னாத்தா நீங்க? நாளைக்கு தங்கச்சி நஸ்லினுக்கு நிக்காஹ். மாப்ள வூட்டுக்காரங்க கடலூர்ல எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சிட்டாங்க. சம்பந்தி போன் பண்ணி, சாம்பியன் வூட்டுப் பொண்ணான்னு சந்தோசப்படறாரு."

"நான் ஜெயிச்சதே இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

ஆசிப் போனைக் கீழே வைத்தான். "தெரியும்த்தா. ஏழாவதுன்னு பேனர்ல போட முடியுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பார். அவன் மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோலச் சொன்னான். தன்னிடம் இனிக்கப் பேசுகிற எவனையும் மொய்னுதீன் நம்பியதில்லை. ஏதோ பிடுங்கத்தான் வருகிறான் என்று நினைப்பார். இவன் எதையும் பிடுங்க வரவில்லை. அப்பனை மறைக்கத்தான் பார்த்திருக்கிறான். அது இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

நாளைக்கு அந்தோணியும் வருவான். பேனரில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நாமே போய்ச் சொல்லிவிடுவது மரியாதை என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு உழவர்கரைக்குப் போனார்.

அந்தோணி வாசல் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மார்பு வற்றிப்போய், பனியனுக்கு வெளியே அதே சங்கிலி, அதே சிலுவை. இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"வாடா சாம்பியன். ஸ்டெல்லா போன்ல காட்டிட்டா. ஓட்டுன காலத்துல ஒரு வளைவுலகூட என்னத் தாண்டல. இப்ப ஒடம்பையே எடுத்துக்கினு பூட்டியே!"

சிரித்துச் சிரித்து இருமினான். மகள் ஸ்டெல்லாமேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"பையன் செஞ்சிட்டான்டா. எனக்குத் தெரியாது" என்றார் மொய்னுதீன். "எறக்கச் சொன்னேன்."

"எறக்கிட்டானா?"

அவர் மொபெட் சாவியை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தோணி சங்கிலியை விரலில் சுற்றி, அவிழ்த்தான். சிரிப்பு அடங்கியிருந்தது. "நான் நாளைக்கு வந்து அதுங்கீழ நின்னா, கடலூர்க்காரன் எவனாச்சும் என் கழுத்தப் பாப்பான், மேல பாப்பான். உன் பையன் மொகம் இன்னாத்துக்கு ஆவும்? நான் வரலடா. முட்டி வலின்னு சொல்லிடு."

'போடா, வராம இருந்துடுவியா நீ' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்லத்தானே வந்தோம் என்று நினைத்தார். அப்புறம், அதைச் சொல்லவா வந்தோம் என்று நினைத்தார். நெல்லித்தோப்பிலிருந்து வரும் வழியெல்லாம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம், அவன் வரவில்லை என்றதும் சட்டென்று இறங்கிவிட்டது. இறங்கியதும் அது என்னவென்று தெரிந்துபோயிற்று. காது மடல்கள் சுட்டன.

உள்ளேயிருந்து ஸ்டெல்லாமேரி, ஹேங்கரில் தொங்கும் வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கு வந்தாள். இஸ்திரி மடிப்பு கத்திபோல நின்றது.

"அப்ப இத திரும்ப பீரோவுல வச்சிடவாப்பா?"

அந்தோணி மொய்னுதீனைப் பார்த்தான். ஸ்டெல்லாமேரியும் பார்த்தாள். சட்டை காற்றில் லேசாகத் திரும்பியது.

மொய்னுதீன் குனிந்து, நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது. அவர் தேடிக்கொண்டே இருந்தார்.