பிளாஸ்க்கில் வைத்த டீ

மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்கு நான் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதமாக என் வீட்டுக்காரர் சிவசங்கர் என் டீயைப் பற்றி வாயே திறப்பதில்லை.

முன்பெல்லாம் அப்படியா? நிலக்கரி மைன்ஸில் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் "நந்தினி, டீ" என்பார். ஒரு டம்ளர் போதாது, இரண்டு வேண்டும். இப்போது மதியத்துக்கு முன்பே டீ போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டு நான் பஸ் பிடிக்கிறேன். ராத்திரி வந்து பார்த்தால் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். எப்படி இருந்தது என்று கேட்டால், "ம், குடிச்சேன்" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் பழையபடி இரண்டு டம்ளர், "சூப்பர்" வேறு.

எனக்குப் புரியாதா என்ன? பெண்டாட்டி வீட்டில் இருந்தால் டீ இனிக்கிறது, வேலைக்குப் போனால் கசக்கிறது. அந்த வேலை எனக்கு உயிர். என்றைக்கு "போதும், நின்னுடு" என்பாரோ என்று பயந்துகொண்டேதான் தினமும் பஸ் ஏறினேன்.

அதனால் டீயை வைத்தே ஆளைச் சரிக்கட்டப் பார்த்தேன். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பண்ருட்டி மொத்தக் கடையில் நல்ல தூள் வாங்கினேன். சாயங்காலம் வரை தாங்க வேண்டுமே என்று இஞ்சியை இரட்டிப்பாக்கி, பாலையும் தூளையும் சேர்த்துச் சுண்டச் சுண்டக் காய்ச்சினேன். பதில் என்னவோ அதே "ம்"தான்.

போன வியாழக்கிழமை முதலாளி வீட்டில் விசேஷம். கடையைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், மனுஷன் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு பிளாஸ்க்கைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னா நேரா சொல்லுங்க. டீ மேல ஏன் காட்டுறீங்க?"

அவர் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றி நீட்டினார். வாயில் வைத்தேன். பால் திரிந்த வாடை, தொண்டையைப் பிடிக்கிற இஞ்சிக் காரம். அப்படியே செடியில் துப்பினேன். நான் எப்போதும் அடுப்பிலிருந்து இறக்கியதும் குடிப்பவள். பிளாஸ்க்கில் கிடந்ததை ஒரு நாளாவது ருசி பார்த்தேனா!

"இத சொல்றதுக்கு என்னவாம்?"

"சொல்லிட்டா? முன்னாடி ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் போனியே, எங்கம்மா வந்து சோறு ஆறிக் கெடக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. மறுநாளே வேலைய வுட்டுட்டு வந்து, மாசக்கணக்கா அழுதுகினு இருந்த. இப்ப டீ நல்லால்லன்னு நான் சொல்லி, இதையும் வுட்டுட்டு வூட்டுல குந்திக்கினா?"

என் வேலைக்கு உலை வைக்கிறார் என்று யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவரே ஆறு மாதமாக அந்த வேலைக்குக் காவல் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் கோபப்பட்டேன்.

"நீங்களே சூடா போட்டுக் குடிக்க வேண்டியதுதானே?"

"அடுப்பாண்ட வந்தா நீ எங்க வுடுற?"

அதுவும் உண்மைதான். அடுப்படி என் ராஜ்ஜியம். வேறு யாரும் கரண்டியைத் தொட்டாலே எனக்குப் பொறுக்காது. "இன்னிக்கு வுடுறேன், வாங்க" என்றேன். தண்ணீர் கொதித்ததும் இஞ்சி, பிறகு தூள், ஒரு கொதி, கடைசியில் பால். வாயால் சொன்னேனே தவிர, கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன்.

டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். சப்பென்று இருந்தது. "நல்லாருக்கு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தூள் பத்தல" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் தண்ணீர் வைத்தார்.